ஒட்டாத பங்கு

டாக்டர் வார்டுக்குப் போயிருக்காங்க, வந்ததும் கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டு நர்ஸ் உள்ளே போனாள். ஜெபக்கனி தலையாட்டினாள். காலையிலிருந்து அவள் தலையாட்டிக்கொண்டேதான் இருக்கிறாள், ரத்தம் எடுத்த இடத்தில், ஸ்கேன் எடுத்த இடத்தில், சக்கர நாற்காலி வேண்டுமா என்று கேட்டவரிடம். வேண்டாம், நான் நடப்பேன் என்று அம்மா சொன்னதற்கும் தலையாட்டினாள். கொஞ்ச தூரம் போவதற்குள் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "ஏட்டி, தரை ஏன் இப்படிச் சாஞ்சு கெடக்கு?" என்றாள். சாஞ்சு என்கிற சொல் வாயில் வழுக்கித் தாஞ்சு என்று வந்தது. அது ஜெபக்கனிக்குத் தாங்கவில்லை. தரை சாய்ந்திருப்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இந்த வழுக்கலைத் தாங்க முடியவில்லை. முப்பத்தைந்து வருஷம் பாளையங்கோட்டை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள் அம்மா, ரூத் பொன்மணி என்று சொன்னால் தெரியாதவர்கள்கூட அந்தக் குரலைச் சொன்னால் தெரிந்துகொள்வார்கள். இப்போது குடித்துவிட்டுப் பேசுகிற ஆள் மாதிரி பேசுகிறாள். போன ஞாயிறு கோவிலில் பின்வரிசையில் இருந்த ஒருத்தி அப்படித்தான் பார்த்தாளாம். அம்மாவே சொல்லிச் சிரித்தாள், அந்தச் சிரிப்பும் ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ரத்தக் குழாய் அடைப்பு இல்லை, கட்டி இல்லை, கசிவு இல்லை. ஒன்றும் இல்லை என்று கேட்டால் சந்தோஷப்பட வேண்டும்தானே, அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. ஒன்றும் இல்லை என்றால் இது என்ன? தோளில் சாய்ந்திருக்கிற இந்தத் தலை, நேரே பார்க்கச் சொன்னால் ஓரத்துக்கு ஓடி ஓடி வருகிற இந்தக் கண், இதெல்லாம் என்ன? அம்மாவின் கண் சுவரில் மாட்டியிருந்த டி.வி.யைப் பார்க்க முயன்றது, முடியாமல் மூடிக்கொண்டது. எதிரே ஒருவர் கட்டுப்போட்ட தலையோடு முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். அந்த நறநறச் சத்தம் நிற்கவே மாட்டேன் என்றது.

கைப்பேசி மடியில் அதிர்ந்தது. கோயம்புத்தூரிலிருந்து அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி, பேராசிரியர் சத்தியசீலன். நாலாவது படம் என்ன ஆச்சு? அவ்வளவுதான் செய்தி. அவள் ஆய்வேட்டில் இன்னும் வராத வரைபடம் அது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள், அவரும் பார்த்துக்கொள் என்றுதான் சொன்னார், ஆனாலும் நாலாவது படம் என்ன ஆச்சு. என்ன ஆகும்? ஆகவில்லை. ஐந்து வருஷமாக ஆகாதது அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத வாரத்திலா ஆகப்போகிறது? குளிர்ப்பெட்டியில் இருக்கிற வெள்ளைப் பொடியை எடுத்து, உப்புநீரில் கரைத்து, கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, புறஊதா ஒளியைப் பாய்ச்சினால் அது தானாகவே மெல்ல ஒளிரும். மனித ரத்தத்தில் மிகுதியாக இருக்கிற புரதம், அல்புமின். அதில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் மருந்து போய்ப் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும், ஒட்ட ஒட்ட அந்த ஒளி மங்கும். எவ்வளவு மங்குகிறது என்று பார்த்தால் எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று கணக்குப் போடலாம். கேட்பதற்கு எவ்வளவு எளிது. திங்கட்கிழமை ஒரு எண் வரும், புதன்கிழமை அதில் பாதி வரும், வெள்ளிக்கிழமை இரண்டுக்கும் சம்பந்தமில்லாத ஒன்று வரும். மறுபடி பாரு என்பார் சத்தியசீலன். மறுபடி பார்த்தாள். மறுபடி மறுபடி பார்த்து, மங்குவது மருந்தினாலா, விளக்கினாலா, தன் கண்ணாலா என்றே சந்தேகம் வந்துவிட்டது. எட்வின் அண்ணன் மஸ்கட்டிலிருந்து பேசும்போதெல்லாம், இன்னும் அந்தப் பொடியத்தான் கலக்கிட்டு இருக்கியா என்று கேட்பான். கேலிதான், ஆனால் கேலி மட்டும் இல்லை. நேற்றிரவும் பேசினான். டாக்டர் சொல்லுத மாதிரி செய்ங்க, நீ எதாவது நெட்டுல பாத்துட்டுப் போய் அவருகிட்ட வாயக் குடுக்காத, நீ டாக்டர் இல்ல ஜெபா, என்றான். இல்லைதான். டாக்டர் என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வதற்கும் அந்த நாலாவது படம் வேண்டும். போன தடவை வந்தபோது நரம்பு டாக்டர் குற்றாலலிங்கமும் கேட்டார், நீங்க என்னம்மா பண்றீங்க? ஆராய்ச்சி சார், மருந்து ரத்தத்துல புரதத்தோட... நல்லது நல்லது என்று சொல்லிவிட்டு அவர் அம்மாவின் பக்கம் திரும்பிவிட்டார். அந்த வாக்கியம் அந்த அறையிலேயே பாதியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இன்றைக்குப் போனாலும் அங்கேதான் தொங்கும்.

"காலு கனக்கு ஏட்டி, இந்தச் செருப்பக் கழத்திவிடேன்" என்றாள் அம்மா. ஜெபக்கனி குனிந்தாள். செருப்பு வார் பாதத்தில் பதிந்து, இரண்டு பக்கமும் சதை பிதுங்கியிருந்தது. ஆறு மாதமாக இந்த வீக்கம். சிறுநீரில் புரதம் போகிறது என்று சொல்லி வேறொரு டாக்டர், சிறுநீரகத்துக்கான டாக்டர், வைத்தியம் பார்க்கிறார். அவருடைய கோப்பு பச்சை, குற்றாலலிங்கத்தின் கோப்பு நீலம், இரண்டும் அவள் மடியில்தான் கிடந்தன. வாரைக் கழற்றிவிட்டுப் பாதத்தை லேசாக அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. மாவில் விரல் வைத்த மாதிரி. ஏன் தண்ணீர் இங்கே வந்து தங்குகிறது என்று முதல் வருஷப் பிள்ளைகளுக்கு அவளே பாடம் எடுத்திருக்கிறாள், ரத்தத்தில் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது அல்புமின், அது குறைந்தால் தண்ணீர் குழாயை விட்டு வெளியே கசிந்து காலில் தங்கும் என்று. அல்புமின் குறைந்தால். அவள் கை செருப்போடு நின்றது. அம்மாவுக்கு எவ்வளவு? பச்சைக் கோப்பைத் திறக்காமலே தெரியும், போன மாதம் அவள்தான் ரிப்போர்ட்டை வாங்கினாள், ஒன்று புள்ளி எட்டு. மூன்றரைக்குமேல் இருக்க வேண்டியது ஒன்று புள்ளி எட்டு. ஐயோ பாவம் சிறுநீரகம் என்றுதான் அன்றைக்கு நினைத்தாள். அதைத் தாண்டி ஒரு அடி நினைக்கவில்லை. ஒன்று புள்ளி எட்டு. அம்மா பன்னிரண்டு வருஷமாகச் சாப்பிடுகிற வலிப்பு மாத்திரை பெனிடாயின், அது ரத்தத்துக்குள் போனால் பத்தில் ஒன்பது பங்கு அல்புமினில் ஒட்டிக்கொள்ளும். மிச்சம் ஒரு பங்குதான் ஒட்டாமல் திரியும். அந்த ஒட்டாத பங்குதான் மூளைக்குள் போகும், அதுதான் வலிப்பை நிறுத்தும், அதுவே அதிகமானால் ஆளைத் தள்ளாட வைக்கும், நாக்கைக் குழற வைக்கும், கண்ணை ஓரத்துக்கு ஓட வைக்கும். ஒட்டிக்கொள்ள இடமில்லை என்றால்? பாதி இடம் சிறுநீரோடு போய்விட்டது என்றால்? ஆஸ்பத்திரியில் அளப்பது ஒட்டியதையும் ஒட்டாததையும் சேர்த்து மொத்தம். மொத்தம் போன மாதம் ஒன்பது வந்தது. பத்திலிருந்து இருபதுக்குள் இருக்க வேண்டும், ஒன்பது குறைவு என்று சொல்லி டாக்டர் குற்றாலலிங்கம் ராத்திரிக்கு இன்னொரு மாத்திரை சேர்த்தார். இப்போது பதினான்கு. கச்சிதமா இருக்கு, மாத்திரையால இல்லம்மா, வேற என்னன்னு பாப்போம் என்றார். அதற்குத்தான் ஸ்கேன். அதற்குத்தான் ஒன்றும் இல்லை. அல்புமினுக்குத் தக்கபடி திருத்திப் பார்க்க ஒரு கணக்கு உண்டு, அவள் அதை மனசுக்குள் போட்டாள், தப்பாகப் போட்டாள், கைப்பேசியில் போட்டாள். முப்பது. மறுபடி போட்டாள். முப்பது. முப்பது என்றால் தரை சாயும்.

"என்னட்டி, செருப்பக் கையில வச்சிட்டு உக்காந்திருக்க?" ஒன்றுமில்லம்மா. ஒன்றுமில்லை என்று அவளும் சொல்கிறாள் பார். எழுந்து போய் நர்ஸிடம், டாக்டர் எப்ப வருவாங்க என்று கேட்டாள். வருவாங்க. அவசரமா ஒண்ணு சொல்லணும். வந்ததும் சொல்லுங்க. திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஐந்து வருஷம். ஐந்து வருஷமாக வேறு எதைப் பார்த்தாள்? எந்த மருந்து எங்கே ஒட்டும், எதைத் தள்ளிவிட்டு எது ஒட்டும், ராத்திரி கனவிலும் அதுதானே. கண்ணாடிக் குப்பியில் இருந்தால் தெரிகிறது, அம்மாவின் உடம்பில் இருந்தால் தெரியவில்லை. ஒரு மாதமாகத் தினமும் போனில் கேட்டாள், மாத்திரை போட்டியா, மறக்காம போடு. அம்மாவும் மறக்காமல் போட்டாள். சரி, இப்போது கோபப்பட நேரமில்லை, எப்படிச் சொல்வது என்று யோசிக்க வேண்டும். சார், அல்புமின் குறைவா இருக்கறதனால... இல்லை, அவருக்குத் தெரியாததைச் சொல்லிக்கொடுப்பது போலிருக்கும். சார், ஒரு சின்னச் சந்தேகம்... சின்னச் சந்தேகம் என்றால் அவரும் சின்னதாகவே கேட்பார். சார், மருந்து அதிகமாயிடுச்சு. எப்படித் தெரியும்? கணக்குப் போட்டேன். யாரு, நீங்களா? அவர் சிரிக்கவே வேண்டாம், கணினியைப் பார்த்துக்கொண்டு ம் என்றாலே போதும், அவள் அப்படியே உட்கார்ந்துவிடுவாள். அந்தக் கணக்கும் லேசுப்பட்டதில்லை. எல்லாருக்கும் அது சரியாக வருவதில்லை, சிறுநீரகம் கெட்டவர்களுக்குப் பிசகும் என்று அவளே படித்திருக்கிறாள். முப்பது என்பது இருபத்திரண்டாக இருக்கலாம். பதினெட்டாகவும் இருக்கலாம். அப்போது இந்தத் தள்ளாட்டம் வேறு எதனாலோ, மாத்திரையைக் குறைத்தால்... அங்கே வந்து நினைப்பு முட்டிக்கொண்டு நின்றது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அடுப்படியில் ஒரு சத்தம் கேட்டது. பாத்திரம் விழுந்த சத்தமில்லை. உள்ளே போனால் அம்மா தரையில், கால் கதவை உதைத்து உதைத்து, பல்லுக்கு நடுவில் நாக்கு, கன்னத்தில் ரத்தம், தொண்டையிலிருந்து ஒரு சத்தம், அது அம்மாவின் சத்தமே இல்லை. அப்பா அப்போது உயிரோடு இருந்தார், அவர் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஏசுவே ஏசுவே என்றார், அவள் வாசலில் நின்றாள். நின்றாள், அவ்வளவுதான். அந்த மாத்திரை வந்த பிறகு அது ஒருநாளும் வரவில்லை. இப்போது இவள் போய்க் குறையுங்கள் என்று சொல்லி, அவரும் குறைத்து, ராத்திரி அது வந்தால்? எட்வின் என்ன சொல்வான் என்பதுகூட வேண்டாம், அந்தச் சத்தத்தை மறுபடி கேட்க முடியுமா? வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன? டாக்டருக்குத் தெரியாமலா இருக்கும், இருபது வருஷமாக இதைத்தானே பார்க்கிறார். தெரிந்திருந்தால் மாத்திரையை ஏன் கூட்டினார்? அவர் பச்சைக் கோப்பைப் பார்க்கவில்லை. இரண்டு தடவை மேசையில் வைத்தாள், இரண்டு தடவையும் அவர் நீலத்தை மட்டும் எடுத்தார். இல்லை, ஒருவேளை கணினியில் பார்த்திருப்பார். பார்த்திருந்தால் சொல்லியிருப்பார். சொல்லாமல் மனசில் வைத்திருப்பார். முறுக்குத் தின்றவர் தூங்கிவிட்டார். அம்மாவின் கை இவள் கையைத் தேடி வந்து, இரண்டு அங்குலம் தள்ளி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது. அதைத்தான் மகளின் கை என்று நினைத்து அம்மா அழுத்திக்கொண்டிருந்தாள். ஜெபக்கனி அந்தக் கையை எடுத்துத் தன் கையில் வைத்தாள்.

பொன்மணி என்று கூப்பிட்டார்கள். டாக்டர் குற்றாலலிங்கம் நாற்காலியில் உட்காராமல், நின்றபடியே ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லா இருக்கும்மா, கிளியரா இருக்கு, இன்னொரு ஸ்கேன் இருக்கு, அதையும் எடுத்துப் பாத்துருவோம், அட்மிட் பண்ணிக்கலாம், மாத்திரை அப்படியே தொடரட்டும் என்றார். ஜெபக்கனி யோசித்து வைத்திருந்த எந்த வாக்கியமும் வரவில்லை. வாயிலிருந்து வந்ததெல்லாம் ஆய்வகத்து வார்த்தைகள், ஃப்ரீ ஃபிராக்ஷன், பைண்டிங், ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். என்னம்மா? அவள் பச்சைக் கோப்பை எடுத்தாள், தாள்கள் சரிந்தன, ஒன்று தரையில் விழுந்தது, குனிந்து எடுத்து மேசைமேல் வைத்து விரலால் தொட்டுக் காட்டினாள். "அல்புமின் ஒண்ணு புள்ளி எட்டு சார். மாத்திரை ஒட்டிக்க இடம் இல்ல. மொத்தம் பதினாலுன்னு காட்டுது, ஆனா ஒட்டாதது ரொம்ப இருக்கும்." டாக்டர் அந்தத் தாளை எடுத்தார். உட்கார்ந்தார். பிறகு அம்மாவைத் தன் விரலைப் பார்க்கச் சொல்லி, விரலை ஒரு பக்கம் கொண்டுபோனார். அம்மாவின் கண்கள் ஓடின, திரும்பின, ஓடின.

"இது எப்ப எடுத்தது?"

"போன மாசம் சார்."

"ஏம்மா இதை முதல்லயே காட்டல?"

ஜெபக்கனிக்குத் தலைக்குள் சூடு ஏறியது. இரண்டு தடவை இதே மேசையில், இதோ இந்தப் பேனா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் பேச்சு அங்கே போய்விடும், கோப்பைப் பற்றி, யார் வைத்தது யார் பார்க்காதது என்று. விழுங்கினாள். "ஃப்ரீ லெவல், அதான் ஒட்டாதது எவ்வளவுன்னு, இங்க பாக்க முடியாது, சென்னைக்கு அனுப்பணும், வர ஒரு வாரம் ஆகும்" என்றார் டாக்டர். அவளிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. "இருக்கலாம். நீங்க சொல்றது இருக்கலாம். ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது. மாத்திரைய ரெண்டு நாள் நிறுத்திட்டு, அப்புறம் பழைய அளவுக்கும் கீழ ஆரம்பிக்கலாம். ஆனா ஃபிட்ஸ் வரலாம். இங்க இருக்கறதனால பாத்துக்குவோம். இருந்தாலும் வரலாம். என்ன சொல்றீங்க?" இவ்வளவு நேரம் யாரும் கேட்கவில்லையே என்று இருந்தவளிடம் இப்போது கேட்கிறார்கள். நிறுத்துங்கள் என்று ஒரே சொல். அது வரவில்லை. அடுப்படிக் கதவு, உதைக்கிற கால், கன்னத்து ரத்தம். முப்பதா இருபத்திரண்டா. திங்களா புதனா வெள்ளியா. நீங்க சொல்லுங்க சார் என்று சொல்லப்போனாள். "எம்முன்னால வச்சே என்னயப் பத்திப் பேசுதிய" என்றாள் அம்மா. ஒவ்வொரு சொல்லையும் பிடித்துப் பிடித்து வைத்த மாதிரி, மெதுவாக. "எங்கிட்டயும் கேளுங்க டாக்டர். நிறுத்துங்க. விழுந்தா விழுதேன். இப்ப மட்டும் நடந்துட்டா இருக்கேன்?" டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். சீட்டில் எழுதினார். நர்ஸ் வந்து சென்னைக்கு அனுப்ப ரத்தம் எடுத்தாள், ஒரு சின்னக் குழாயில், அதன்மேல் பெயர் ஒட்டினாள். அந்தக் குழாயை ஜெபக்கனி அது அறையை விட்டுப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலிப்பு வரவில்லை. இரண்டு ராத்திரியும் அவள் கண்ணை மூடவில்லை, அம்மா திரும்பிப் படுத்தால்கூட எழுந்து உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் கண் ஓடுவது நின்றது. நான்காம் நாள் அம்மா தானாகவே எழுந்து பாத்ரூமுக்குப் போய்வந்து, இட்லி கல்லு மாதிரி இருக்கு, இதை எந்தக் கடையில வாங்கின என்று கேட்டாள், ஒரு எழுத்தும் வழுக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்து, நல்ல முன்னேற்றம் என்றார். மாத்திரையால்தானா என்று ஜெபக்கனி கேட்டாள். ரிசல்ட் வரட்டும் என்றார். வீட்டுக்கு வந்தபின் எட்வின் பேசினான், பாத்தியா, டாக்டர் சொன்னபடி செஞ்சா எல்லாம் சரியாகும்னு சொன்னேம்லா என்றான். அவளுக்குச் சண்டைபோடத் தெம்பில்லை. ரிசல்ட் வரட்டும் என்று அவளும் நினைத்துக்கொண்டாள். அது வந்தால் போதும். இவனுக்கு அனுப்புவாள், சத்தியசீலனுக்கு அனுப்புவாள், யாருக்கும் அனுப்பாவிட்டாலும் அவள் பார்ப்பாள். ஒரு உண்மையான ஆளின் ரத்தத்தில், அம்மாவின் ரத்தத்தில், ஒட்டாமல் திரிந்தது எவ்வளவு என்று. ஐந்து வருஷத்தில் சந்தேகமில்லாமல் ஒரு எண். ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். ரிசல்ட் இல்லை என்றார்கள். மாதிரி வழியில் கெட்டுவிட்டதாம், சோதனை செய்ய முடியவில்லையாம், மறுபடி வேண்டுமானால் ரத்தம் கொடுக்கலாமாம். இப்ப எடுத்து என்ன செய்ய, இப்பதான் மருந்து குறைஞ்சிருச்சே என்றாள் ஜெபக்கனி. அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கு அது புரியவில்லை. ஜெபக்கனி சென்னை நம்பரை வாங்கி, அங்கேயும் கூப்பிட்டாள். மூன்று பேரிடம் மாற்றிவிட்டார்கள். கடைசியில் ஒருவர் எடுத்தார். "கொஞ்சமாவது மிச்சம் இருக்குமா சார், டியூப்ல, ஒரு துளியாவது?" "இல்ல மேடம், அன்னைக்கே கொட்டிருப்பாங்க." சரி என்று வைத்தாள். வைத்த பிறகும் கைப்பேசியைக் காதிலேயே வைத்திருந்தாள். அடுப்படியிலிருந்து அம்மா சாம்பார்ச் சட்டியைத் துணி போட்டு இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள், ஆவி பறந்தது, சுவரைப் பிடிக்கவில்லை, எதையும் பிடிக்கவில்லை, நேராக நடந்து வந்தாள்.

"உன்னை யாரு தூக்கச் சொன்னா?" என்று ஜெபக்கனி கத்தினாள். வீடே அதிரும்படி கத்தினாள். "சொன்னா கேக்கவே மாட்டியா? யாருமே கேக்க மாட்டீங்களா?"

அம்மா அப்படியே நின்றாள். "என்னட்டி, எம்மேல ஏன் எரிஞ்சு விழுத? நல்லாத்தான நடக்கேன்" என்றாள்.

ஜெபக்கனி போய்ச் சட்டியை வாங்கினாள். துணி பிடிக்காமல் வெறுங்கையால் வாங்கினாள். மேசையில் கொண்டுபோய் வைத்த பிறகுதான் கை சுட்டது.